உன் அப்பாவுக்கு நான் மூக்காக இருந்த நாட்கள்

தம்பி,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, உன் அப்பாவின் சட்டையை மோந்து பார்த்தது. நேற்றுப் போட்டதை இன்றும் போடலாமா என்று அவருக்குத் தெரியாது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை கொப்பியைத் திருத்தக் கொடுப்பதைப் போலச் சட்டையை நீட்டினார். மோந்துவிட்டு, "போடலாம்" என்றேன். "நெசமாவா? நேத்து காலையில ரோலர் பக்கமே நின்னேனே" என்றார். "போடலாம்னு சொன்னா போடுங்க" என்றேன். எழுந்து முகம் கழுவுவதற்கு முன்பே எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. இன்று பௌர்ணமி, போயா விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை. நேற்று ஞாயிறு என்பதால் கொழுந்தும் எடுக்கவில்லை. ஆகவே தேயிலை ஸ்டோருக்குப் போய் மணியடிக்கும் வேலையும் எனக்கு இன்று இல்லை. உனக்கு எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

நேற்று மாலை நீ பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. "வாசனதானேம்மா, கண்ணா காதா? வைகாசி வரைக்கும் சமாளிங்க. கல்யாணம் முடியட்டும், பொறகு பாக்கலாம்" என்றாய் நீ. அதற்கு அரைமணி நேரத்துக்கு முன்னால் உன் அப்பாவும் என்னிடம் அதையேதான் சொல்லியிருந்தார். ஒரு சொல் மாறவில்லை. இருவரும் பேசி வைத்துக்கொண்டு சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

தைப்பொங்கலிலிருந்து தொடங்குகிறேன். நீ வந்த அன்று இருமினாய். "பஸ்ல ஏசி" என்றாய். மறுநாள் பொங்கல் பானையைக் கவனிக்காமல் நான் வாசலில் கோலத்தோடு நின்றுவிட்டேன், அடிப்பிடித்துவிட்டது. வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். உன் அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "இத சாமி எப்படிம்மா சாப்பிட்டாரு?" என்று கேட்டார். நீ மட்டும் இரண்டு தரம் போட்டுக்கொண்டு, "சூப்பரா இருக்கும்மா" என்றாய். கொழும்புக்குப் போன பிறகாவது பிள்ளைக்கு அம்மாவின் கை அருமை தெரிந்ததே என்று நான் நெகிழ்ந்துபோனேன். அது பாசம் இல்லை, வைரஸ் என்று பிறகுதான் தெரிந்தது. அலுவலகத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், உனக்கு இரண்டு நாளாக வாசனையும் ருசியும் இல்லை, எல்லாம் உனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. மறுநாள் றொசல்லைக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும், சொன்னால் தள்ளிப்போட்டுவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டாய். வினோதினி வீட்டிலும் மூன்று பேர் படுத்தார்கள். அது பனியால் வந்தது என்று இன்றைக்கும் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உனக்கு மூன்று வாரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. எனக்கு ஒரு சளியோடு போனது. உன் அப்பாவுக்குக் காய்ச்சல் நான்கு நாளில் இறங்கியது, மூக்கு மட்டும் திரும்பவில்லை. முதல் வாரம் அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. கருவாட்டுக் குழம்பு வைத்திருந்த அன்று சமையலறைக்குள் வந்து, "இன்னைக்கி என்னா, பருப்பா?" என்று கேட்டார். நான் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அங்கிருந்து போய்விட்டார். ஹட்டனில் ஒரு வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வைரஸ் மூக்கின் உள்ளே வாசனை அறியும் இடத்தைத் தாக்கியிருக்கிறது, சிலருக்கு வாரங்களில் வரும், சிலருக்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுதாக வராமலும் போகலாம் என்றார். கராம்பு, எலுமிச்சை, கோப்பி, கற்பூரத் தைலம் நான்கையும் காலையும் மாலையும் மோந்து பழகச் சொன்னார். உன் அப்பா ஐந்து நாள் செய்தார். "பொடி போடுற கெழவன் மாதிரி இருக்குது" என்று ஆறாம் நாள் நிறுத்திவிட்டார். நான் போத்தல்களை எடுத்து நீட்டினால் மட்டும், எனக்கு உதவி செய்வதுபோல மோந்து கொடுக்கிறார்.

நீ கேட்டாயே, கண்ணா காதா என்று. உன் அப்பாவுக்குக் கண்ணும் காதும் இரண்டாம்பட்சம். நீ பிறந்தது முதல் நம் வீட்டுக்குச் சோறு போட்டது அந்த மூக்கு. ரோலரில் நசுங்கி வந்த கொழுந்துத் தூளை மேசையில் பரப்பி வைத்தால், முதலில் பச்சை வாடை அடிக்கும். பிறகு பழவாசனை எழும். அது எழுந்து நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் அடுப்புக்கு ஏற்றிவிட வேண்டும். தாண்டினால் புளிப்பு. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பிடிப்பதற்குத்தான் டீமேக்கர் என்று ஒருவரை வைத்து, குவார்ட்டர்ஸ் கொடுத்து, ஐயா என்றும் கூப்பிடுகிறார்கள். "மணிக்கூட்ட பாக்குறவன் கிளார்க்கு, மூக்கால பாக்குறவன்தான் டீமேக்கர்" என்று அவரே எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறார். மழை நாளில் ஒரு நேரம், காற்று நாளில் ஒரு நேரம், மணிக்கூட்டை நம்ப முடியாது. தை மாசி வறண்ட காற்றில், நல்ல தேயிலை விளைகிற அந்தப் பருவத்தில், இன்னும் நம்ப முடியாது. அந்தப் பருவத்தில் பார்த்துத்தான் அவர் மூக்கு போனது.

இனி நான் செய்த தவறு. யோசனை என்னுடையது. உன் அப்பாவைக் குறை சொல்லும்போது இதை நீ மறந்துவிடக் கூடாது.

ஸ்டோரில் ரோலர் அறையின் வாசலில் ரோதைமுனியின் சூலம் இருக்கிறதல்லவா, சக்கரங்களையும் அதில் வேலை செய்பவர்களையும் காக்கிற சாமி. வெள்ளிக்கிழமைகளில் ஆட்கள் விளக்கு வைப்பார்கள். "மகனுக்குக் கல்யாணம் நல்லபடியா நடக்கணும், ஒரு மண்டலம் வெளக்கேத்துறேன்னு வேண்டிக்கிட்டேன்" என்று எல்லோரிடமும் சொன்னேன். நாற்பத்தெட்டு நாள், பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்னால், சேலை உடுத்திப் பையை மாட்டிக்கொண்டே போய் விளக்கேற்றினேன். உன் அப்பா முதல் தூளில் ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் வைத்து, படையல்போலச் சூலத்தின் அடியில் வைப்பார். நான் குனிந்து திரியைத் தூண்டும் சாக்கில் அதை மோந்து பார்ப்பேன். பழவாசனை எழுந்துவிட்டதென்றால் மணியை ஒரு தரம் அடிப்பேன். எழவில்லையென்றால் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டே நிற்பேன். முதல் தூளின் நேரம் தெரிந்துவிட்டால் மற்றவற்றை அவர் கணக்குப் பண்ணிக்கொள்வார். இரண்டு பேரும் வீட்டில் தூளுக்குப் பதில் தேங்காய்ப்பூவையும் காய்ந்த இலையையும் வைத்து ஒத்திகைகூடப் பார்த்தோம். சிரிப்பாக இருக்கிறதா? அப்போது எங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் நாங்கள் அப்படிச் சேர்ந்து சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "டீச்சரம்மா மணியடிச்ச ஒடனே ஐயா தூள அடுப்புக்கு ஏத்துறாரு. புருசன்னா அப்படியில்ல பக்தி வேணும்" என்று சலிக்கிற அறையில் பேச்சு. ஒருத்தி தன் மகளுக்கும் நல்ல இடம் அமையச் சொல்லி என்னிடம் ஒரு முழம் பூக் கொடுத்துவிட்டாள். மாதத்தில் தள்ளி இருக்க வேண்டிய நாட்களிலும் நான் போனேன். மூக்குக்கு அந்தக் கணக்கு இல்லையே. தரம் பத்துப் பிள்ளைகளுக்கு வாசனை நரம்பைப் பற்றிப் படம் கீறிப் படிப்பிக்கிற விஞ்ஞான டீச்சர் நான். சாமி கோபிக்கும் என்று பயந்தேன் என்று சொன்னால் அது பொய். அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்கத்தான் கூசியது. ஆனால் அதையும் தாண்டி, உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அத்தனை ரோலர்கள், அத்தனை ஆட்கள், அந்த மலை முழுவதிலும் எடுத்த கொழுந்து, எல்லாம் என் ஒரு மணிச் சத்தத்துக்காக நிற்கின்றன என்று நினைக்கும்போது நெஞ்சு நிமிர்ந்தது. பஸ்ஸில் போகும்போது தனியாகச் சிரித்துக்கொள்வேன். பொய்யை நீளவிட்டதில் உன் அப்பாவின் பயத்துக்கு எவ்வளவு பங்கோ, என் பெருமைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இந்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி. முதல் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. "ஒரு நாளுதானே, நா பாத்துக்கிறேன்" என்றார் உன் அப்பா. அன்று காற்றடித்த அடியில் எங்கள் மைதானத்துக் கூடாரமே பிய்த்துக்கொண்டு போனது. தூள் சீக்கிரம் பழுத்துவிட்டது. அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பத்து நாள் கழித்துக் கொழும்பில் தேயிலை ருசி பார்ப்பவர்களிடமிருந்து கடிதம் வந்தது, அன்றைய தேயிலை முழுவதும் புளித்துவிட்டது என்று. தோட்டத்துப் பெரிய தொரை கூப்பிட்டுக் கேட்டபோது உன் அப்பா, "ரோலர்ல கூடுதல் நேரம் வச்சிட்டாங்க சேர், சூடேறிருச்சு" என்றிருக்கிறார். ரோலரில் நின்றது பெருமாள் அண்ணன்.

பெருமாள் மாமா என்று நீ கூப்பிடுவாயே, அவர்தான். நான்கு வயதில் ரோலர் சத்தத்துக்கு நீ பயந்து அழுதபோது உன் காதைப் பொத்தித் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்தவர். முப்பது வருடமாக அந்த அறையை விட்டு அசையாத மனிதர். மறுநாளே அவரை மலைக்குப் புல் வெட்ட அனுப்பிவிட்டார்கள். முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு போகிறார். எனக்கு இது மூன்று நாள் கழித்துத்தான் தெரியும், அதுவும் திரி எடுத்துக் கொடுக்க அவர் அங்கே இல்லாததால் விசாரித்தபோது. தெரிந்த பிறகும் நான் மணியடித்தேன். நாற்பத்தெட்டு முடிந்ததும் இன்னொரு மண்டலம் என்று ஆரம்பித்தேன்.

நேற்று மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் இரண்டு கட்டுக் கீரையோடு. உன் அப்பாவைத் தேடி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, என்னைத்தான் தேடி வந்தார்.

"டீச்சரம்மா, ஹட்டன்ல மூக்கு பாக்குற டொக்டர் யாருங்க? ஐயாவ காச்சலுக்கு அங்க ஒருத்தருகிட்ட கூட்டிட்டுப் போனீங்கன்னு சொன்னாங்க."

"ஏன் அண்ணே, ஒங்களுக்கு என்னா?"

"ஏ மூக்கு கெட்டுப்போச்சுங்க."

நான் உட்காரச் சொன்னேன். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கி வெள்ளிக்கெழம எனக்கு வாசன தெரிஞ்சிச்சுங்க. தூளு ஏறிருச்சு, புளிப்பு வருதுன்னு தோணிச்சு. ஐயாவ பாத்தேன். அவரு கைப்புடி எடுத்து மோந்தாரு, கீழ போட்டாரு, சும்மா நின்னாரு. ஐயா மூக்குக்கு முன்னால ஏ மூக்கு என்னாங்க? அவருக்குப் படாதது எனக்குப் படுதுன்னா கோளாறு எங்கிட்டத்தானேன்னு வாய தொறக்கல. இப்ப பாருங்க, ரோலர்லயும் நேரம் தவறிப்போயிருக்கேன். மூக்கும் போயி புத்தியும் போயிருச்சு. புதங்கெழம கிளினிக்குப் போயி சீட்டு வாங்கித் தொரைகிட்ட குடுத்துட்டு, பேர வெட்டிக்கிடலாம்னு இருக்கேன். மலையில ஏற முடியல டீச்சரம்மா."

பேரை வெட்டிக்கொண்டால் அவ்வளவுதான், திரும்ப வேலை இல்லை, அந்த மனிதர் லயத்து வீட்டு வாசலில் உட்கார வேண்டியதுதான். உள் அறையில் உன் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும், நடுவில் ஒரு சுவர்தான். அவர் எழுந்து வருவார் என்று நான் காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன் தம்பி. டிவியின் சத்தம் கூடியது. பெருமாள் அண்ணன் அந்தப் பக்கம் பார்த்து, "ஐயா கிரிக்கட் பாக்குறாரு போல. தொந்தரவு பண்ணாதீங்க" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க அண்ணே" என்று எழுந்து போய்விட்டேன். அவர் கோப்பையை வாயருகே கொண்டுபோய், குடிக்கும் முன் மோந்து பார்த்தார். "டீச்சரம்மா, இந்தப் பால் கொஞ்சம் பழசுங்களா?" என்று தயங்கிக் கேட்டார். முந்தின நாள் வாங்கிய பால் அது. எனக்கே தெரியாத வித்தியாசம். "இல்லையே" என்று சொல்லிவிட்டேன். "பாத்தீங்களா, அதான் சொல்றேன், ஏ மூக்கு சரியில்ல" என்று சிரித்தார்.

அந்த மனிதரிடம் நான் சொன்ன பொய்களிலேயே அதுதான் ஆகச் சின்னது. இன்று முழுவதும் அதுதான் என்னைக் குடைகிறது. ஒரு கோப்பைப் பாலுக்காகவா ஒருவரின் மூக்கைப் பறிப்பேன்? ஆமாம் என்ற ஒரு வாய்ச் சொல்லுக்கு அவ்வளவு சோம்பலா எனக்கு?

அவர் போன பிறகு உன் அப்பாவோடு சண்டை. "பெருமாள திரும்ப ரோலருக்கு எடுக்கச் சொல்லி நா பேசுறேன், கொஞ்சம் பொறு" என்றார். எப்போது என்றேன். கல்யாணம் முடியட்டும் என்றார். "புதன்கிழமை அவர் கிளினிக்குப் போறார். மகன் கல்யாணம் வைகாசியில" என்றேன். அதற்கு அவர், "டீமேக்கர் மகன்னு சொல்லித்தானே றொசல்லையில பொண்ணு குடுக்குறாங்க? மூக்கில்லாத டீமேக்கர தொரை வச்சிருப்பாரா? குவார்ட்டர்ஸ்ஸ விட்டு எறங்கி ஒம் மகனுக்கு எங்க பந்தல் போடப்போற?" என்று கேட்டார். அவர் பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தன் பயத்தை இன்னொருவரின் முழங்காலில் இறக்கி வைத்துவிட்டு கிரிக்கட் பார்க்கிற மனிதரோடு இத்தனை வருடம் வாழ்ந்தேன் என்பதை நினைத்தபோது கோபத்தைவிட அலுப்புத்தான் வந்தது. பிறகு உனக்கு எடுத்தேன். நீயும் அதையே சொன்னாய்.

நீ கல்யாணம் கட்டப் போகிறவன். உனக்கு நகை, பந்தல், சாப்பாடு பற்றிப் புத்தி சொல்ல மாமாமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். உனக்கு ருசி தெரியாத நாளில் வினோதினியின் சமையலை நன்றாக இருக்கிறது என்று சொல்லாதே. தெரியவில்லை என்று சொல். காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று சொல். அதைக் கேட்டு அவள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், ஒரு நாளில் சரியாகிவிடும். மறைத்தால் அவள் உனக்காக மறைக்கத் தொடங்குவாள். அதில் கெட்டிக்காரியாகவும் ஆகிவிடுவாள், நான் ஆனதைப் போல. இரண்டு பேர் சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றும்போது அது அந்நியோன்யம் மாதிரியே இருக்கும். நாங்கள் தேங்காய்ப்பூவை வைத்துச் சிரித்தோமே, அது மாதிரி. நடுவில் மூன்றாவதாக ஒருவர் நசுங்கும்வரை வித்தியாசம் தெரியாது. உன் அப்பா கெட்டவர் இல்லை. காய்ச்சலுக்கு முன்னால் நீ கேட்டிருந்தால், பெருமாளைத் தன் தம்பி என்று சொல்லியிருப்பார். தன் மூக்கு போனதை ஒரு வியாதி என்று அவரால் நினைக்க முடியவில்லை, மானம் போனதாக நினைக்கிறார். கால் முறிந்திருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டியிருப்பார். மூக்குக்குக் கட்டுப் போட முடியாதே.

வினோதினி வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று நீ கேட்பாய். தெரியாது. நானும் அதை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். சொன்னதும் கல்யாணத்தை நிறுத்துகிறவர்கள் என்றால் நிறுத்தட்டும் என்று வீரமாக எழுதலாம். அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்திருக்கிறது. நடக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். ஆனால் உன் கல்யாணத்துக்கென்று நான் ஏற்றிய ஒவ்வொரு விளக்கும் உன் கல்யாணத்துக்காக ஏற்றியது இல்லை. அதை வைத்துக்கொண்டு இதை நல்லபடியாக நடத்திக் கொடு என்று எந்தச் சாமியிடமும் கேட்க எனக்கு வாயில்லை.

நான் செய்யப் போவதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன் அப்பாவிடம் சொல்லப் போவதும் இல்லை, சொன்னால் இரவு முழுவதும் பேசி என் மனதைக் கரைத்துவிடுவார். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுகிறேன். இனி ஸ்டோருக்குப் போக மாட்டேன், மணியடிக்க மாட்டேன். வைத்தியர் உன் அப்பாவுக்கு எழுதிய துண்டுச்சீட்டை எடுத்துக்கொண்டு தொரையின் ஒப்பீசுக்குப் போவேன். இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கும்போது என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. வேலை போயிருக்கலாம். உன் அப்பா என்னோடு பேசாமல் இருக்கலாம். ஒருவேளை தொரை யோசிக்கிற மனிதராக இருந்தால், மூக்கு திரும்பி வரும்வரை உன் அப்பாவையும் பெருமாள் அண்ணனையும் அந்த மேசையின் பக்கத்தில் நிற்க வைக்கலாம். அதை எல்லாம் பிறகு கேட்டுக்கொள்வேன். கதவைத் திறந்து உள்ளே போனதும் முதலில் சொல்ல வேண்டியதை மட்டும் காலையிலிருந்து சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தடுமாறக் கூடாது என்பதற்காக. உன் அப்பாவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். பெருமாளின் மூக்கில் எந்தக் குறையும் இல்லை. அதுதான் முதல் வசனம்.

அம்மா